ஏணை கட்டாத வரிசை

எங்கள் வரிசையில் கைப்பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். ஏணை ஒன்றுகூட இல்லை.

கூரை வளையில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே போட்டு ஆட்டுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் நாங்கள் இருந்த காலத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு ஏணை தலையில் இடிக்கும். கடல் வந்து போன பிறகு வயல் ஓரமாய்ப் பலகையாலும் தகரத்தாலும் அறைகளை வரிசையாய் அடித்து எங்களைக் குடியேற்றினார்கள். கொஞ்சக் காலத்துக்கு என்றார்கள். வருடங்கள் போயின. அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள். வளை இருந்தது, சேலையும் இருந்தது. ஒருத்தியும் கட்டவில்லை.

ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கடல் வந்தது காலையில். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். காலைச் சாப்பாடு முடிந்து, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பால் கொடுத்து, ஏணையில் போட்டுவிட்டுப் பெண்கள் கிணற்றடிக்குப் போகிற நேரம். என் மூத்தவள் அப்போது ஏணையில் இருந்தாள். சத்தத்துக்கு முழித்துவிடுவாள் என்று கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் துணி கழுவிக்கொண்டிருந்தேன். கதவு வரைக்கும் வந்தேன். தண்ணீர் கதவைத் திறக்க விடவில்லை.

அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

மகன் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பலகை அறைக்குத்தான் கொண்டுவந்தேன். நாற்பது நாள் முடியும் வரை மடியிலேயே கிடந்தான். அதற்குப் பிறகு நானும் மற்றவர்களைப் போலவே செய்தேன். காலையில் அவனை உறங்க விடவில்லை.

வெயில் முற்றத்தில் இறங்கியதும் எல்லோரும் பிள்ளைகளோடு வெளியே வருவோம். வா என்று யாரும் கூப்பிடுவதில்லை. குழாயடியில் நிற்போம். பிள்ளைக்குக் கண் சொக்கினால் உள்ளங்காலைத் தட்டுவோம். அதற்கும் கேட்காவிட்டால் காலில் தண்ணீர் ஊற்றுவோம். ஒருத்தி அலுமினியத் தட்டில் கரண்டியால் தட்டுவாள். ஒரு கைக்குப் பாரமானால் இன்னொரு கைக்கு மாறும். பிள்ளைகளின் கண் சிவந்து கிடக்கும். கொட்டாவி விடுவார்கள், சிணுங்குவார்கள், பிறகு சிணுங்கவும் பெலன் இல்லாமல் வெறித்துப் பார்ப்பார்கள். நாங்கள் கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். அங்கிருந்து கடல் தெரியாது. தென்னை மரங்களின் தலைதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நடுப்பகலில் லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் உள்ளே போவோம். அப்போதும் உறங்க விடுவது குறைவு. பகலில் உறங்கினால் இரவில் உறங்கமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அது எங்களுக்கு வசதியாயிருந்தது.

இரவில் அவன் உறங்கவில்லை.

இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கும்போது அவன் தொடங்குவான். கையைக் காலை அடித்து, முதுகை வில்லாய் வளைத்து, மூச்சடைக்க அழுவான். கொஞ்சம் கண் மூடுவான். பாயில் வைத்ததும் திடுக்கிட்டு எழும்பி மறுபடியும் தொடங்குவான். விளக்கை அணைத்தால் இன்னும் கூடும். ஆகவே குப்பி விளக்கு விடிய விடிய எரிந்தது. மண்ணெண்ணெய்ப் புகையில் அவன் மூக்கு கறுத்துக் கிடக்கும். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடப்பேன். அறை சின்னது. நாலு எட்டு வைத்தால் பலகை.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த, எனக்கு மூத்தவளான ராத்தா அப்பம் சுட்டு விற்கிறவள். கடல் அவளிடமிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோனது. பிறகு பிறந்த மகளுக்கு என் மகனின் வயது. அவளுக்கு வாய் அடங்காது.

"புள்ளோய், உன்ட மகன் பாங்கு சொல்றான். சுபஹுக்கு இன்னும் நேரம் கிடக்கு எண்டு சொல்லு."

"உங்கட மகள் மட்டும் என்ன செய்றா?"

"அவ பதில் சொல்றா. ஊட்டுக்கு ஊடு ஒரு மோதினார். பள்ளியில லவுட்ஸ்பீக்கர் என்னத்துக்கு, கழட்டி வெச்சிரலாம்."

சிரிப்போம். சிரித்தபடியே நான் சுவரில் சாய்ந்து கண் மூடியிருக்கிறேன். ஒரு நாள் அடுப்பில் கஞ்சி கருகி, பானை வெடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு நாள் மகன் கையிலிருந்து நழுவிவிட்டான். பாயில் விழுந்ததால் ஒன்றுமில்லை.

பள்ளி லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தோம். ஓதி எழுதிய இசிம் தகட்டைக் கழுத்தில் கட்டினோம். வரிசையின் கடைசி அறையில் இருந்த வயதான மாமி ஒருத்தி, கைப்பிள்ளைகள் எல்லாம் ஒன்றாய் ராவில் முழித்திருப்பது நல்லதுக்கல்ல, அதுகளுக்குக் கடல் கேட்குது என்றாள். அதற்குப் பிறகு மகன் அழுகையை நிறுத்தி மூச்சு வாங்குகிற நேரமெல்லாம் நானும் காது கொடுத்தேன். வாடைக் காற்று அடித்தால் கடல் இரைச்சல் வயல் வரைக்கும் வரும். கிட்ட வருகிற மாதிரி இருக்கும். அப்படி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த நாட்களில் வடக்கே சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் தினமும் ஒவ்வொரு ஊர் விழுந்தது. ஹெலி தலைக்கு மேலே வடக்கே போகும், திரும்பி வரும். எங்கள் பக்கம் சண்டை இல்லை. ஆனால் சுற்றிவளைப்பு இருந்தது. அடுத்த ஊரில் ஒருவனைக் கூட்டிப் போனார்கள், வந்துவிட்டான். அதற்கடுத்த ஊரில் ஒருவனைக் கூட்டிப் போனார்கள், வரவில்லை. யார் கூட்டிப் போனது என்றும் தெரியாது. ஆட்கள் மெல்லமாய்க் கதைத்தார்கள். பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு ரோட்டில் ஆள் இல்லை.

வாய்க்கால் கட்டால் ஆமி ரோந்து போகும். சப்பாத்துச் சத்தம் கேட்கும். எல்லா வீடும் இருண்டு கிடக்கிற ஊரில் எங்கள் வரிசை மட்டும் பலகை இடுக்கெல்லாம் வெளிச்சமாய் நிற்கும். ஓரிரவு சப்பாத்துச் சத்தம் எங்கள் அறைக்கு நேரே வந்து நின்றது. டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் இடுக்குகளால் கோடு கோடாய் உள்ளே வந்தது. ஒரு கோடு மகனின் முகத்தில் விழுந்தது. அவன் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பிடிக்கக் கை நீட்டினான். நானும் அவரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள்.

அவர் என்பது என் மனிசன். கரைவலை இழுக்கப் போகிறவர். விடியப்புறம் சுபஹுக்கு முன்பே எழும்ப வேண்டும். உறக்கம் இல்லாமல் அவர் கண்ணும் மகனின் கண் மாதிரியே சிவந்து கிடந்தது. அதிகம் கதைக்கமாட்டார். அடுத்த நாள் வலையடியிலிருந்து வந்து சொன்னார்:

"ரோட்டுல நிப்பாட்டிக் கேட்டாங்க. ராவெல்லாம் ஏன் வெளிச்சம் எண்டு."

"என்ன சொன்னீங்க?"

"புள்ள அழுது எண்டன்."

"நம்பினாங்களா?"

"எல்லா ஊட்டயும் புள்ள அழுதா எண்டு கேட்டாங்க. ஓம் எண்டன். சிரிச்சாங்க."



பிறகு ஒரு நாள் சுபஹ் தொழுகை முடிவதற்குள் வரிசையைச் சுற்றி ஆமி ஆட்கள் நின்றார்கள். ஒலிபெருக்கியில் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். கதவைப் பூட்டக்கூடாது, அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். ராத்தா அப்பச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஆண்களை வெயிலில் இருத்தினார்கள். பெண்களை வேப்பமரத்துக்குக் கீழே இருத்தினார்கள். மதில் ஓரமாய் ஜீப் ஒன்று நின்றது. உள்ளே ஆள் காட்டிக்கொடுக்கிற ஒருவன் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தான். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஆண்களை ஒவ்வொருவராய் ஜீப்புக்கு முன்னால் நடத்தினார்கள். அவன் தலை ஆடினால் அந்தப் பக்கம், ஆடாவிட்டால் இந்தப் பக்கம்.  அத்தனை பேர் இருந்த இடத்தில் காகம் கத்துவது தனியாய்க் கேட்டது.

வெயில் ஏறியது. குழாயடிக்கு வருகிற நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மகனின் தலை தோளில் பாரமானது. உள்ளங்காலைத் தட்டினேன். எழும்பி நடக்கப் பார்த்தேன். காவலுக்கு நின்றவன் கையைக் காட்டினான். இருந்துவிட்டேன். தட்டு இல்லை, தண்ணீர் இல்லை, கை மாற்ற வழியில்லை. மரத்துக்குக் கீழே காற்று நல்லாயிருந்தது.

உறங்கிவிட்டான்.

நாற்பது கழிந்த பிறகு அந்த நேரத்தில் அவன் என் மேல் உறங்கியது அதுதான் முதல் தடவை. என் நெஞ்சு அடித்த அடிக்கு அவன் முழித்திருக்க வேண்டும். முழிக்கவில்லை. நான் தென்னை மரங்களைத் தேடினேன். பள்ளிக்கூட மதில் மறைத்தது.

என் மனிசனைக் கண்டு அந்தத் தலை ஆடவில்லை. இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஆனால் பிறகு அவர் அட்டையைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் நின்றார். என்னையும் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்த ஆமிப் பெரியவர் சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவன் தமிழில் சொன்னான்.

"ராவில உங்கட அறையில விளக்கு எரியிது. யார் வாறது?"

"ஒருத்தரும் வாறல்ல சேர். புள்ள அழும். அதுக்குத்தான் விளக்கு" என்றார் இவர்.

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தான். வாணி வடிந்து என் தோள் நனைந்திருந்தது.

"இந்தப் பிள்ளையா?"

"ஓம் சேர்."

"இதுவா ராவெல்லாம் அழுறது?"

 இவர் கழுத்தில் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. மரத்தடியில் இருந்து ராத்தாவின் குரல் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கிள்ளு புள்ள. கிள்ளு."

தொடையில் கிள்ளினேன். மகன் முனகினான். முகத்தை என் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு இன்னும் நல்லாய் உறங்கினான். பெரியவர் என் விரலைப் பார்த்தார். மறுபடியும் கிள்ள என் கை வரவில்லை.

தமிழ் சொன்னவன் சொன்னான்: "பகல்ல இப்பிடித் தூங்குற பிள்ளை ராவில ஏன் அழுது எண்டு கேக்கிறார்."

"பகல்ல ஒறங்குறல்ல சேர்" என்றார் இவர். "ஒறங்க விடுறல்ல."

"ஏன்?"

இவர் என்னைப் பார்த்தார். 

"இது கடல் வந்த நேரம்" என்றேன் நான்.

தமிழ் சொன்னவன் அதை உடனே சிங்களத்தில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். பெரியவர் திரும்பி மரத்தடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ராத்தாவின் மகள் மடியில் மல்லாந்து கிடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்து இரண்டு. வரிசையில் இருந்த அத்தனை கைப்பிள்ளைகளும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். தாய்மார் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. லுஹருக்கு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இவரை விசாரித்துவிட்டு விடுவதாய்ச் சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது இவர் திரும்பிப் பார்த்தார். மகனைத் தூக்கிக் காட்டினேன். அவன் அப்போதுதான் முழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை யாரும் சமைக்கவில்லை. ராத்தா அப்பம் இரண்டு கொண்டுவந்து வைத்தாள். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாயிருந்தது.

இஷாவுக்குப் பிறகு விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மகன் தொடங்குவதற்காகக் காத்திருந்தேன். பால் குடித்தான். குடித்தபடியே கண் மூடினான். பாயில் வைத்தேன். முழிக்கவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. வரிசை முழுக்க அமைதியாயிருந்தது. எல்லாப் பலகைக்குப் பின்னாலும் தாய்மார் இப்படித்தான் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். விளக்கை அணைத்தேன்.

சப்பாத்துச் சத்தம் வந்தது. நின்றது. டார்ச் வெளிச்சம் இடுக்கால் உள்ளே வந்து மகன் மேல் விழுந்தது. அவன் அசையவில்லை. என் மேல் விழுந்தது. வெளிச்சம் அடுப்பு, பாய், பெட்டி என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தது. இரண்டு பேர் மெல்லமாய்க் கதைத்தார்கள். பிறகு போனார்கள். நான் விடியும் வரை அப்படியே இருந்தேன்.

அடுத்த நாள் காலையில் பழக்கத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். எல்லோரும் வந்திருந்தார்கள். தட்டுச் சத்தம் கேட்டது. மகனின் காலில் தண்ணீர் ஊற்றினேன்.

பின்நேரம் அஸருக்குப் பிறகு இவர் நடந்து வந்தார். ஆளைத் தொட்டிருக்கவில்லை. முகம் மட்டும் வேறாயிருந்தது. வாசலில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ராவு வந்து பாத்தாங்களாம். இருட்டாக் கிடந்ததாம். அதால விட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்."

"இனி எரிஞ்சா திரும்பவும் வரச் சொல்லுவாங்க. அப்ப இந்தக் கதை சொல்ல ஏலா."

அன்றிரவு மகன் அழுதான். முன்னைப் போலவே முதுகை வளைத்து அழுதான். விளக்கைக் கொளுத்த முடியாது. இவர் பாயை எடுத்துப் பலகை இடுக்குக்குச் சாத்தினார். சாரத்தை அதற்கு மேலே போட்டார். நான் இருட்டில் நடந்தேன். மகனின் வாயில் கையை வைக்கப் போய் எடுத்துவிட்டேன். ராத்தாவின் பக்கத்திலும் அழுகை. வரிசை முழுக்க இருட்டில் அழுகை. சப்பாத்துச் சத்தம் வந்தால் கேட்கவும் கேட்காது.

"நேத்து ஒறங்கினவன் இண்டைக்கு ஏன் ஒறங்குறானில்ல?" என்றார் இவர்.

நான் நடப்பதை நிறுத்தினேன்.

"நேத்து பகல்ல ஒறங்கின."

 பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தா சொன்னாள்:

"என்டவளும் நேத்து ஒறங்கினா. நான்தான் ஒறங்கல்ல. சத்தமில்லாம கிடந்தது எனக்குப் பயமாப் போச்சு."

பகலில் உறங்கினால் இரவில் உறங்காது என்று நாங்கள் நம்பியிருந்தோம். கடைசியில் பார்த்தால், அவனுக்குக் களைப்பு அளவுக்கு மிஞ்சிப் போனதுதான் அழுகை. பெரியவர்களும் அப்படித்தானே. வலை இழுத்துக் களைத்த மனிசன் வந்ததும் உறங்குவார். இரண்டு நாள் உறங்காத மனிசனுக்கு உறக்கமே வராது. இவரிடம் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகனிடம் பார்க்கவில்லை.

தெரிந்துவிட்டால் செய்துவிட முடியும் என்றில்லை.

காலையில் இவர் வலைக்குப் போகவில்லை. மகனைக் குளிப்பாட்டிப் பால் கொடுத்தேன். அவன் கண் சொக்கியது. நான் குழாயடிக்கு எழும்பினேன்.

"புள்ளயப் போடு" என்றார்.

"ஏலா."

"நான் இரிக்கன்."

"அண்டைக்கு நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. நான் ஊட்டதான் இருந்த. இருந்து என்ன?"

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். இவர் கோபிக்கவில்லை. எழும்பிப் போய்க் கதவைப் பிடித்துத் தூக்கினார். பலகைக் கதவு, பிணைச்சலில் சும்மா கொழுவிக் கிடந்தது. தூக்கினால் கழன்றுவிடும். கழற்றி வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார். வாசல் வெறும் வாசலாய் நின்றது. முற்றம் தெரிந்தது, குழாயடி தெரிந்தது, அதற்கங்கால வயல்.

பெட்டியைத் திறந்து என் சேலை ஒன்றை எடுத்தார். பெட்டியில் ஏறி வளையில் கட்டினார். நல்லாய்ப் பதித்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டினார். இழுத்துப் பார்த்தார். இறங்கி வாசலில் இருந்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

மகனைப் போட்டேன். வளையில் சேலை உரசுகிற சத்தம் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கேட்டது. என் கை சேலையை விடவில்லை. மகன் இரண்டு தரம் கொட்டாவி விட்டு உறங்கினான். நான் பக்கத்தில் நின்றபடியே நின்றேன். அவன் முழிக்கும் வரை கால் மரத்துப்போய் நின்றேன்.

குழாயடியில் நின்ற பெண்கள் கழற்றி வைத்த கதவைப் பார்த்தார்கள். ராத்தா வந்து வாசலில் நின்று ஏணையைப் பார்த்தாள்.  பிறகு இவரிடம் சொன்னாள்:

"தம்பி, என்ட கதவையும் ஒருக்காக் கழட்டித் தாங்க. எனக்குத் தூக்க ஏலா."

அந்தக் கிழமைக்குள் வரிசை முழுக்கக் காலையில் கதவுகள் வெளியே சாத்திக் கிடந்தன. மஃரிபுக்கு முன்னே கொழுவிவிடுவோம். பார்க்கிறவர்களுக்கு என்னவோ என்று இருக்கும். ரோந்து போகிறவர்களும் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகவில்லை. நேரம் பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. காலையில் ஒரு நித்திரை. லுஹர் பாங்குக்குப் பிறகு இன்னொன்று. அது நீண்டு அஸரைத் தாண்டினால் இரவு பிந்தும். ஆகவே அஸர் பாங்குக்கு எழுப்பி முற்றத்துக்குக் கொண்டுபோவேன். மஃரிபுக்குள் உள்ளே. மேல் கழுவி, பால், இருட்டு. பாங்குதான் எங்களுக்கு மணிக்கூடு. ஒரே மாதிரி செய்தால் அவனுக்கே தெரிந்துவிடும். மேல் கழுவும்போதே கண்ணைக் கசக்குவான். பல் முளைத்தபோது குழம்பியது, காய்ச்சல் வந்தபோது குழம்பியது. காலை நித்திரை தவறின நாளில் பகல் நித்திரையும் தவறும், இரவும் தவறும். தவறின இரவுகளில் பாயைச் சுவரில் சாத்தி, இருட்டில் அவனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சப்பாத்துச் சத்தத்துக்குக் காது கொடுப்போம். அப்படிப்பட்ட இரவுகள் குறைந்தன. விளக்கு எரியவில்லை. இவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

கச்சான் காற்று தொடங்கிய பிறகு ஒரு காலை ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. மகன் ஏணையில் இருந்தான். வெடிக்கு ஒருதரம் கை உதறினான். முழிக்கவில்லை. ராத்தா, "முடிஞ்சா எல்லாரும் ஒறங்கலாம்" என்றாள். அன்று யாரும் அதிகம் கதைக்கவில்லை. வடக்கே என்ன நடந்தது என்று எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அது வந்தது.

மழை தொடங்குவதற்கு முன், காற்றே இல்லாத ஒரு காலை. மகன் ஏணையில். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இவர் வலையடியில். ரோட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் சொல் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"கடல் வருது! கடல் வருது!"

சுளகை எங்கே போட்டேன் என்று தெரியாது. இரண்டே எட்டில் ஏணை. மகனை அள்ளினேன். வாசலில் கதவு இல்லை. முற்றம், குழாயடி, வாய்க்கால் கட்டு. எல்லா வாசலிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், எல்லோர் தோளிலும் பிள்ளை. ஒருத்தியும் உள்ளே திரும்பி ஓடவில்லை. ஒரு கதவும் யாரையும் மறிக்கவில்லை. வயல் வரம்பால் மேற்கே ஓடினோம். பின்னால் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை.

பெரிய மண்கட்டின் மேல் ஏறி நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. தென்னை மரங்கள் அப்படியே நின்றன. தண்ணீர் இல்லை. இரைச்சல் இல்லை. கடற்கரையிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள். கடல் கிடந்த இடத்தில் கிடக்கிறது, யாரோ சும்மா கிளப்பிவிட்ட கதை என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இவர் ஓடி வந்தார். ஈரச் சாரம் காலில் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், வரம்பில் குந்திவிட்டார்.

ராத்தா மகளை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"கத்தினவன் ஆரெண்டு தெரிஞ்சா அப்பச் சட்டியால அடிப்பன்" என்றாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். "இஞ்ச பாரு. இவன் இன்னும் ஒறங்குறான்."

பார்த்தேன். உண்மைதான். அத்தனை ஓட்டத்திலும் மகன் முழிக்கவில்லை. வாயைத் திறந்தபடி, வாணி வடிய, அந்த மைதானத்தில் உறங்கிய மாதிரியே உறங்கினான்.

திரும்பி வந்தபோது ஏணை வெறுமையாய்த் தொங்கியது. அரிசி நிலமெல்லாம் கிடந்தது. லுஹருக்கு இன்னும் நேரம் இருந்தது. அவனை மறுபடியும் ஏணையில் போட்டேன். பிறகு அரிசியைப் பொறுக்கினேன்.

அன்றிரவும் உறங்கினான்.

இப்போது எங்களுக்குக் கல்வீடு இருக்கிறது. மகன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். அவன் அறைக்குக் கதவு வேண்டும் என்கிறான். கூட்டாளிகள் வந்தால் வெட்கமாயிருக்கிறதாம். இவர் நல்ல பலகையில் ஒரு கதவு வாங்கி வந்தார். மாதக்கணக்காய் வெளிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். பொருத்த மேசன் வர வேண்டும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.